டோறீன் அன்ரியைப் பற்றி நாலு வார்த்தை

மாக்கிறேட்: ...நாளைக்குச் செத்தவீடு. இப்ப போய் நீங்கள் பேசமாட்டியள் எண்டு டோறீன் அன்ரியின்ரை மகளுக்கு எப்பிடிச் சொல்லுறது?

நொயல்: என்ரை இங்கிலிஷ் உமக்குத் தெரியும்தானே.

மாக்கிறேட்: தமிழிலை சொல்லுங்கோ. நான் இங்கிலிஷிலை எழுதித்தாறன்.

நொயல்: ...டோறீன் அன்ரி ஆத்தங்கரையிலை தன்ரை சனம் இருந்த காம்பிலை பிறந்தவ. ஏழு வயசிலை அரசாங்கக் கார் வந்து தாயிட்டையிருந்து பறிச்சுக்கொண்டு போனது.

மாக்கிறேட்: அபொரிஜினல் பிள்ளை, இந்த மண்ணின்ரை ஆதிச் சனம் எண்டபடியாலை எண்டு...

நொயல்: அங்கை வாற சனத்துக்கு அதைச் சொல்லவேணுமே?

மாக்கிறேட்: சரி, சொல்லுங்கோ.

நொயல்: பதினெட்டிலை திரும்பி வந்து தாயைத் தேடினவ. தாய் செத்து நாலு வருசம். பிறகு ஆஸ்பத்திரிக் குசினியிலை இருபது வருசம் கோப்பை கழுவினவ. இந்த ஊர்க் கவுன்சிலுக்குப் போன முதல் அபொரிஜினல் ஆள் அவதான்.

மாக்கிறேட்: தண்ணிக் கதையைச் சொல்லுங்கோ.

நொயல்: முதல் கூட்டத்துக்குக் காம்புத் தண்ணியை ஒரு கிளாசிலை கொண்டு போனவ. தேத்தண்ணி நிறம். மேயருக்கு முன்னாலை வைச்சு, நீங்கள் இதைக் குடிச்சால் நான் இனி வாய் திறக்கமாட்டன் எண்டவ. மனுசன் தொடேல்லை. அடுத்த வருசம் காம்புக்குக் குழாய் வந்தது.

மாக்கிறேட்: சிரிப்பினம். நல்லது. பிறகு நாங்கள்...

நொயல்: பிறகு படகிலை வந்த நாங்கள். நாங்கள் ரெண்டு பேரும், எங்களோடை வந்த சேகரும், மற்ற மூண்டு பெடியளும். ஒருத்தரும் வாடகைக்கு வீடு தரேல்லை. செத்துப்போன தன்ரை தம்பியின்ரை வீட்டுத் திறப்பைத் தந்து இருக்கச் சொன்னவ... இவ்வளவு காணும், மாக்கிறேட்.

மாக்கிறேட்: என்ன காணும்? கவுன்சிலிலை பதினாறு வருசம் இருந்த இடத்தைப் போன வருசத் தேர்தலிலை தோத்தவ. அதையும் சொல்லத்தானே வேணும்.

நொயல்: அதை நான் சொல்ல ஏலாது.

மாக்கிறேட்: ...ஏன்?

நொயல்: தேர்தலுக்கு முதல் ஒரு நோட்டீஸ் வீடு வீடாப் போனது. ஞாபகமே?

மாக்கிறேட்: ஓம். தன்ரை சனத்துக்கு வந்த கவுன்சில் வீட்டைப் படகுக்காரருக்குக் குடுத்திட்டா எண்டு. சுத்தப் பொய்.

நொயல்: அந்த வீட்டிலை இருக்கிற ஒருத்தரே சொன்னது எண்டு கீழை தமிழிலை ஒரு கையெழுத்து. அது நான் வைச்சது. நான் வேலை செய்யிற இறைச்சிப் பக்ரறிச் சூப்பவைசர் அதைக் கொண்டு வந்தவன். கையெழுத்து வைக்காட்டி வேலை இல்லை, விசாவுக்குக் கடிதமும் இல்லை எண்டவன். விளங்காமல் வைச்சனான் எண்டு சொல்லலாம். அதுவும் பொய்தான். விளங்கிற மட்டும் ரெண்டுதரம் வாசிச்சிட்டுத்தான் வைச்சனான்... அவவின்ரை சொந்தச் சனமே அவவுக்கு வோட்டுப் போடேல்லை. நாப்பத்தொரு வோட்டாலை தோத்தவ.

மாக்கிறேட்: அதுக்குப் பிறகும் அந்த வீட்டிலை ஒரு வருசம் இருந்தம்.

நொயல்: ஞாயிறுகளிலை அவ கேக் கொண்டு வருவா. நான் குளியலறைக்குள்ளை போய் நிப்பன்... இந்த வாயாலை நாளைக்கு எப்பிடிப் பேசுறது? இவ்வளவு நாளும் உமக்குக்கூடச் சொல்லேல்லை. மாக்கிறேட், என்னைப் பாரும்.

மாக்கிறேட்: உங்களைப் பாக்கிற முகம் எனக்கும் இல்லை. தேர்தல் முடிஞ்ச கிழமை, நீங்கள் வேலைக்குப் போன நேரம், டோறீன் அன்ரி அந்த நோட்டீஸோடை வந்தவ. இது உங்கடை தமிழ் எழுத்து, ஆற்றை பேர் எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு பிள்ளை எண்டு என்னைக் கேட்டவ. அது உங்கடை கையெழுத்து எண்டு பாத்த உடனை எனக்குத் தெரிஞ்சது... சேகர் எண்டு வாசிச்சுக் குடுத்தனான். அதாலைதான் அவவின்ரை வீட்டுக்காரர் அவனை நாளைக்கு வரவேண்டாம் எண்டிருக்கினம். உங்களைப் பேசச் சொல்லியிருக்கினம்.