மையம் தப்பிய கண்ணாடி

மூக்குக் கண்ணாடியை எப்போதும் இரண்டு கையாலும் கழற்ற வேண்டும், ஐயா. நீங்கள் ஒரு கையால் இழுக்கிறீர்கள், காதுக் கம்பி சீக்கிரமே தளர்ந்துவிடும். மன்னிக்கவும், கண்ணாடிக் கடைப் பழக்கம், போலீஸ் ஸ்டேஷனிலும் போகவில்லை.

என் மனைவிக்குத் தலைவலி வந்ததற்கு நான்தான் காரணம். பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது அவளுக்கு. சம்மதம் சொல்ல மாதக் கடைசிவரை நேரம். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் கேட்கிறவளும் இல்லை. அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது. அதனால் அவளுடைய புதுக் கண்ணாடியில் வில்லையின் மையத்தைக் கருவிழிக்கு நேராக வைக்காமல் தள்ளி வெட்டினேன். பவர் அதிகம், ஒரு நூல் நகர்ந்தாலே தலைவலி வந்துவிடும். வலியோடு புது ஊருக்குப் போக மாட்டாள் என்று நினைத்தேன்.

"எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுங்க. தலை வெடிக்குது," என்றாள்.

அவள் தம்பி கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். நானும் கூடப் போனேன். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கண்ணாடியையும் அளந்தார்.

"இப்போதைக்கு நரம்பு நல்லாத்தான் இருக்கு. சென்டர் தப்பியிருக்கு, அவசரத்துல வெட்டிட்டீங்க போல. சரியா போட்டுக் குடுங்க. அதுக்கப்புறமும் வலி நிக்கலன்னா உடனே வாங்க, தலைய ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்."

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. இரண்டாவது கண்ணாடியையும் தள்ளியே வெட்டினேன்.

காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தாள். குனிந்தால் கண் இருட்டுகிறது என்றாள். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டபோதெல்லாம், "புதுக் கண்ணாடிம்மா, பழக நாளாகும்," என்றேன். அந்த வலி நான் கொடுத்தது, வேண்டும்போது நிறுத்திவிடலாம் என்று நிம்மதியாகவே இருந்தேன்.

மாற்றல் வேண்டாமென்று ஆபீஸில் எழுதிக் கொடுத்தாள். அன்றே சரியான வில்லையைப் பொருத்தினேன். வலி நிற்கவில்லை. மறுபடி அளந்தேன், மறுபடி வெட்டினேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். வலி நிற்கவேயில்லை.

கண் தெரியாமல் போன பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். மண்டைக்குள் நீர் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்கிவிட்டதாம். "அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்," என்றார் டாக்டர்.

"அவரத் திட்டாதீங்க டாக்டர். எத்தன தடவ மாத்திக் குடுத்தாரு தெரியுமா?" என்றாள் அவள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மச்சினன் புகாரோடு உங்களிடம் கொடுத்த அந்த இரண்டு கண்ணாடிகளும் என் கைவேலைதான். மறுக்கவில்லை.

பார்வை போன பிறகும் கண்ணாடி போட்டுக்கொள்கிறாள், ஐயா. தினமும் காலையில் நான்தான் துடைத்து மாட்டிவிடுகிறேன். வாக்குமூலத்தில் சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவிடுங்கள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?