பின்னுக்குப் போங்க

— முன்னுக்கு இருக்கச் சொல்லி கொம்பனியில இருந்து போன் வந்தா நல்லதுதானேம்மா? அதுக்கு ஏன் கதவை அடிச்சு சாத்துற?

— முன்னுக்குன்னா ரிசெப்சன் மேசைப்பா! வாசல்ல உக்காந்து வர்றவங்களுக்கு ஆயுபோவன், வணக்கம் சொல்ற வேலை. அதுக்கா நம்ம குடும்பத்துலயே மொத ஆளா கெம்பஸ் போய் பட்டம் எடுத்தேன்?

— கோவிக்காத பிரதீபா. வாழ்க்கை பூரா பஸ்ல "பஸ்ஸட்ட யன்ன, பின்னுக்குப் போங்க"ன்னு சிங்களத்துலயும் தமிழ்லயும் கத்தியே என் தொண்டை போச்சு. என் மகளை ஒருத்தன் முன்னுக்கு வான்னா எனக்குச் சந்தோசமா இருக்காதா?

— நான் படிச்சதே பின்னால செய்ற வேலைப்பா. பேக்எண்ட். பஸ்ல சீட்டு, கண்ணாடி, சாமி படம் எல்லாம் ஆளுங்க கண்ணுக்குத் தெரியுது. எஞ்சின் தெரியுதா? நான் கட்டுறது எஞ்சின்.

— அதை இன்டர்வியூல சொன்னியா?

— போன மாசம் போனப்பவே ஓட்டிக் காட்டினேனே! மாத்தளையில இருந்து பல்லேகம போற நம்ம பஸ்ஸைத்தான். நீங்க பஸ் நிக்கிற ஒவ்வொரு ஹோல்ட்லயும் போனை அமுக்குறீங்க. லக்கலையில ஒருத்தர் மெசேஜ் போட்டுக் கேட்டா, பஸ் எங்க வருதுன்னு பதில் போகுது. யானை வர்ற ரோட்டுல சும்மா நிக்கத் தேவையில்ல.

— சனம் உன்னைக் கும்பிடுது. அவங்க என்ன சொன்னாங்க?

— "ஸ்க்ரீன் எங்க? பாக்க ஒண்ணுமே இல்லையே"ன்னான் டை கட்டின பெரியவன், எல்லாரும் சார், மாத்தயான்னு கூப்புடுறவன். பிறகு எந்த ஊரு, அப்பா என்ன வேலைன்னு கேட்டான். கொண்டக்டர்னேன். பக்கத்துல இருந்தவன் சிரிச்சான்பா.

— சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். கொண்டக்டர்தானே நான்.

— உங்களுக்கு எரியலைன்னா போங்க, எனக்கு எரியுது! "ப்ரொஜெக்டை விட்டுட்டுப் போங்க, பாக்குறோம்"னான். பாத்துட்டு வந்த முடிவுதான் இந்தப் போன். மூணு பாசையும் நல்லாப் பேசுறேனாம். அதனால வாசல்ல இருக்கணுமாம்!

— விட்டுட்டா வந்த?

— ஒரு சாவி குடுத்துட்டு வந்தேன். ரகசிய எழுத்து மாதிரி. அதைப் போட்டா நம்ம பஸ் விவரம் அவங்களுக்கும் போகும்.

— சரி, டீ ஆறுது. இந்தா, உன் கொம்பனி பேஸ்புக்ல லைவ் போடுது.

— நீங்க எதுக்கு அவங்களைப் பாக்குறீங்க?

— நீ இன்டர்வியூ போன அன்னைக்கே லைக் போட்டு வெச்சேன். மரியாதைக்கு. பாரேன், பெரிய ஹோல். கோட்டு சூட்டா உக்காந்திருக்காங்க. செவத்துல பெரிய மெப், அதுல ஒரு பஸ் ஓடுது... பிரதீபா! "யானைவேலி ஹோல்ட்"னு போட்டிருக்கு!

— என்னது?

— அப்படி ஒரு ஹோல்ட் எந்த போர்ட்லயும் இல்லம்மா. அது நான் வெச்ச பேரு. நான் சொல்லித்தானே நீ எழுதின! இன்னைக்கு எனக்குப் பதிலா ஏறின அன்ஸார் இப்பதான் அங்க அமுக்கியிருப்பான்.

— காட்டுங்க... அடப் பாவிங்களா! டை கட்டினவனேதான். "எங்கள் கொம்பனியின் புதிய கண்டுபிடிப்பு"ங்கிறான்! மேல ஒரு படத்தை ஒட்டிட்டு, உள்ள என் எஞ்சினை ஓட்டுறான்பா. நம்ம சாமித்தட்டுக்குக் கீழ இருக்குற பழைய கொம்பியூட்டர்தான் இப்ப அவனுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்கு.

— நம்ம வீட்டுலயா? இரு, ப்ளக்கைப் புடுங்கிடுறேன்!

— தொடாதீங்க! புடுங்கினா லக்கலை சனத்துக்கும் பதில் போகாது. இப்பவும் யாராவது ரோட்டுல நிப்பாங்க.

— அப்ப என்ன? வாயை மூடிக்கிட்டு அந்த மேசையில போய் உக்காரப் போறியா?

— சனம் கேக்குற வழி வேற, இவன் சாவி வேற. யாருக்கு என்ன பதில்னு தீர்மானிக்கிறது பின்னால இருக்கிறவ. லெப்டொப்பைத் தாங்க... அவன் இப்ப என்ன செய்றான்?

— சிரிச்சுக்கிட்டே நிக்கிறான். "இப்ப நீங்களே ஒரு ஹோல்ட்டைச் சொல்லுங்க, பஸ் எங்கன்னு கேட்டுப் பாப்போம்"ங்கிறான்.

— கேக்கட்டும். ம்... முடிஞ்சுது.

— அமுக்கிட்டான். திரும்பி செவத்தைப் பாக்குறான்... ஐயோ, ஹோலே சிரிக்குதும்மா! இது... இது நம்ம...

— வாசிங்கப்பா. பஸ்ல கத்துற மாதிரியே வாசிங்க.

— பஸ்ஸட்ட யன்ன, மாத்தயா! பின்னுக்குப் போங்க!