சமமான ஆட்டம்

மழைக்காலத்தில் மரக்காணத்தில் உப்பு விளையாது, ஐயா. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும். வேலையில்லாத ஆட்கள் என் பிரவுசிங் சென்டருக்கு வருவார்கள். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒருவரையொருவர் தேடிச் சுடுகிற விளையாட்டைப் போட்டு வைத்திருந்தேன். இந்த வருஷம், 2005இல், பெரிய மழை. இடம் போதவில்லை.

யாரோடு யாரை மோதவிடுவது என்பதில்தான் என் வேலை இருந்தது. ஒவ்வொருவனுக்கும் என் மனதில் ஒரு மதிப்பெண் உண்டு. அவனிடம் சொல்லமாட்டேன். தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரனை ஜெயித்தால் அது நன்றாக ஏறும். சின்ன ஆளை ஜெயித்தால் ஏறியும் ஏறாத மாதிரிதான். புதிதாக வருகிறவனின் திறமை தெரியாது என்பதால், முதல் சில ஆட்டங்களில் வேகமாக ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். பிறகு அவனுக்குச் சமமான ஆளோடு உட்கார வைப்பேன். எப்போதும் ஜெயிக்கிறவனுக்குச் சலித்துவிடும். எப்போதும் தோற்கிறவன் வீட்டுக்குப் போய்விடுவான். பாதி ஜெயித்துப் பாதி தோற்கிறவன் மட்டும் எழுந்திருக்கவே மாட்டான்.

உப்பு வாருகிற தங்கராசுவும், லாரியில் மூட்டை ஏற்றுகிற குழந்தைசாமியும் அப்படி அமைந்தார்கள். அத்தனை பொருத்தமான ஜோடியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் தான்தான் பெரியவன் என்று தெரிந்துவிடும் என்று இருவருமே நம்பினார்கள். நான் அவர்களை வேறு யாரோடும் உட்கார விடவில்லை. மெதுவாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்தினார்கள். பிறகு ஒருவர் வீட்டாரை ஒருவர் பேர் சொல்லித் திட்ட ஆரம்பித்தார்கள்.

தங்கராசுவின் மனைவி சகாயமேரி ஒருநாள் வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, புள்ள ஜுரத்துல கெடக்குது. இவரு இங்கயே குந்தினு இருக்காரு. நீங்க சொன்னா கேப்பாருண்ணே.”

“சொல்றேம்மா,” என்றேன்.

சொல்லவே வேண்டியதில்லை. தொடர்ந்து பெரிய ஆட்டக்காரனோடு உட்கார வைத்திருந்தால், தோற்றுத் தோற்றுத் தானே போயிருப்பான். அது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

சம்பவத்தன்று மத்தியானம் குழந்தைசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். “டேய், என் ஸ்க்ரீனப் பாத்துப் பாத்து சுடுறியாடா?” என்றான்.

“வெளிய வா, காட்றேன்,” என்றான் தங்கராசு.

சென்டருக்குப் பின்னால் உப்புப் பாத்திகள். ஆள் நடமாட்டம் இல்லை. நான் மட்டும் பின்னால் போனேன். ஷட்டர் இழுக்கும் இரும்புக் கொக்கி கையில் இருந்தது.

குழந்தைசாமிக்கு மூட்டை தூக்கிய உடம்பு. எடுத்த எடுப்பிலேயே தங்கராசுவைச் சேற்றில் அமுக்கிவிட்டான். நான் ஒரு அதட்டல் போட்டிருந்தால் விட்டிருப்பான். இரண்டு பேருக்குமே என்மேல் மரியாதை உண்டு. ஆனால் அது ஒருதலையான ஆட்டமாக இருந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை. குனிந்து, கொக்கியைத் தங்கராசுவின் கையில் கொடுத்தேன்.

அவன் முழங்காலில் அடித்தான். குழந்தைசாமி சரிந்தான். இப்போது தங்கராசுவின் கை ஓங்கியது. அதுவும் சரியில்லை. வரப்பில் உப்பு வாருகிற பலகையொன்று நீளக் காம்போடு கிடந்தது. அதை எடுத்துக் குழந்தைசாமியிடம் நீட்டினேன். அவனால் எழுந்திருக்க முடியவில்லை. அவன் எழுந்து நிற்கும்வரை தங்கராசுவைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

“விடுண்ணே, விடுண்ணே,” என்றான் தங்கராசு.

எழுந்ததும் விட்டுவிட்டேன். பலகை தலையில் இறங்கியபோது அவன் என்னைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழந்தைசாமியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் சொல்வதெல்லாம் உண்மை. கொடுத்தது நான், பிடித்தது நான், நிறுத்தாததும் நான்.

ஆஸ்பத்திரியில் உடலை வாங்க சகாயமேரி வந்திருந்தாள். “ரொம்ப அடி வாங்குனாராண்ணே?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் சமமாத்தான் நின்னாங்க,” என்றேன்.

அவள் கையெழுத்துப் போடப் போனாள். அதைக் கேட்டது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.