ரோஜா எடுத்த சீட்டு

அனில் சார், எனக்கு சாயாவில சக்கரை வேண்டாம், ஷுகர் உண்டு. இந்தப் போலீஸ் ஸ்டேஷன்ல எல்லாரும் மலையாளமாக்கும், ஆனா உங்க அம்மா பாலக்காடுன்னேளே, அதனால தமிழ்லயே சொல்லிடறேன். பேரு சங்கர்ராம். மட்டாஞ்சேரியில பழைய சுக்குக் கிடங்குல இருக்கற தடுப்பூசி லாப்ல பதினோரு வருஷமா ஆராய்ச்சி பண்றேன்.

என் பொண்ணு ஸுப்ரியா ஒரு வைரஸ் ஜுரத்தில நாலே நாள்ல போனா. அதுக்குத்தான் இந்த ஊசி. நாப்பது முயல், பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத்தண்ணி. வித்தியாசம் தெரியணுமே. எதுக்கு எதுன்னு நான் தீர்மானிக்க மாட்டேன், சீட்டுக் குலுக்கித்தான் போடுவேன். அப்பறம் எல்லாத்துக்கும் கிருமியைக் குடுத்துப் பாக்கணும். மருந்து போட்டதெல்லாம் பொழச்சுது. ரத்தத்தில ஆன்டிபாடி அவ்வளவு இருந்துது.

மனுஷாளுக்குப் போட அனுமதி குடுக்கற கமிட்டிக்காரா என்ன சொன்னா தெரியுமா? முயலுக்குப் பலிச்சா மனுஷாளுக்கும் பலிக்கணும்னு இல்லையே, இன்னும் ரெண்டு வருஷம் பண்ணிப் பாருங்கோன்னா. ஏசி ரூம்ல முந்திரிப்பருப்பு கொறிச்சுண்டே சொன்னா. எனக்கு வயிறு எரிஞ்சுது, இன்னிக்கும் எரியறது. ரெண்டு வருஷத்தில இன்னும் எத்தனை ஸுப்ரியா போவான்னு ஒருத்தனாவது கேட்டானா?

கூண்டு கழுவப் பள்ளுருத்தியிலேர்ந்து அக்காவும் தங்கையும் வருவா, மூக்கம்மாள், ரோஜா. தென்காசிப் பக்கம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரு வயசுதான் வித்தியாசம். இதைவிட நல்ல ஜோடி எங்கே கிடைக்கும்? முயல் பிராண்டறதே, ஊசி போட்டுக்கோங்கோன்னேன். "நீங்க சொன்னா சரிதான் சாரே"ன்னு ரோஜா கையை நீட்டினா.

பதினஞ்சு நாளைக்கு ஒருக்க ரத்தம் எடுத்தேன். மூக்கம்மாளுக்கு ஆன்டிபாடி முயலைவிட ஜோரா ஏறித்து. ரோஜாவுக்கு ஒண்ணும் இல்லை. இருக்கவும் கூடாது, அவளுக்குப் போட்டது உப்புத்தண்ணி. ரெண்டாம் மாசம், சளி வராம இருக்கன்னு சொல்லி ரெண்டு பேர் மூக்கிலயும் சொட்டு விட்டேன். அது கிருமி.

மூக்கம்மாளுக்கு ஒரு தும்மல்கூட வரலை. ரோஜாவுக்கு ஜுரம் வந்துது. ஆஸ்பத்திரி வராந்தாவில நானும் நின்னேன். இது என்ன ஜுரமா இருக்கும்னு டாக்டர் என்னைத்தான் கேட்டார். நான் சொல்லலை. நடுவில வேற மருந்து உள்ளே போனா அத்தனை நாள் உழைப்பும் வீண். அஞ்சாம் நாள் அவ போயிட்டா.

இப்போ எல்லாரும் ரோஜா ரோஜாங்கறேள். மூக்கம்மாள் உயிரோட இருக்காளே, அதை எங்கேயாவது எழுதினேளா? அதுதான் எனக்கு ஆத்திரமா வரது.

கொலைன்னு எழுதிக்கோங்கோ, கையெழுத்துப் போடறேன். ஆனா ரோஜாவை நான் பொறுக்கி எடுத்தேன்னு மட்டும் எழுதக் கூடாது. பாரபட்சம் பாக்கறவன் நான் இல்லை. ஊசி போடறதுக்கு முன்னாடி, ஓணத்துக்கு யாருக்கு முதல் லீவுன்னு சொல்லி ரெண்டு சீட்டை நீட்டினேன். லீவு விழுந்தவளுக்கு உப்புத்தண்ணின்னு மனசில வச்சிருந்தேன். ரோஜாவேதான் முந்திண்டு எடுத்தா. பிரிச்சுப் பாத்துட்டு, அக்காவுக்கு நாக்கைத் துருத்திக் காட்டிச் சிரிச்சா.