சிங்கப்பூருக்கே திரும்பிய பை

புதுத் துறைமுகம் வந்த புதிது. முத்தையாபுரத்திலிருந்து அங்கே போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் புத்தம்புதுப் பயணப் பை. சிங்கப்பூர்க் கடைச் சீட்டு இன்னும் கைப்பிடியில் தொங்கியது.

"ஏளா ரோசி, வந்த பைய அதே கப்பல்ல எதுக்குத் திருப்பி அனுப்புதே?" என்றாள் மூத்தவள்.

"ஊருக்கு வரத்தான் அவரு இத வாங்கினாரு, அக்கா. அதுக்குள்ள இன்னொரு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு. பைய மட்டும் ஒருத்தர் கையில குடுத்துவிட்டாரு."

"பிள்ளை முகத்தக்கூடப் பாக்காமலா?"

"ஆமா."

"சரி, நல்ல பைதான? வீட்ல வச்சுக்க."

"வச்சுக்கிட்டு நான் எங்க போகப்போறேன்? கோயிலுக்கா, மார்க்கெட்டுக்கா? இது இங்கன இருந்தா அவரு துணிமணிய எதுல எடுத்துட்டு வருவாரு?"

"அங்கன வேற பையே கிடைக்காதாக்கும்."

"கிடைக்கும். வாங்கணும்னு தோணணும்லா."

கண்டக்டர் வந்தார். பைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

"மடியிலதான இருக்கு, அண்ணாச்சி. மடிப்பிள்ளைக்கு டிக்கெட் கேப்பியளா?"

அவர் நகர்ந்துவிட்டார். மூத்தவள் பையை அமுக்கிப் பார்த்தாள்.

"உள்ள என்னமோ இருக்கே."

"பிள்ளைக்கு ஞானஸ்நானத்தன்னைக்குப் போட்ட சட்டை."

"அத ஏன்ளா அனுப்புதே? அவனுக்கு வேண்டாமா?"

"பத்தாதுக்கா. அவன் இப்ப நடக்கான்."