பெல்ட்டு நின்ன அன்னிக்கு

— இன்னமும் வரலியாங்க பெட்டி?

— எங்க பானு வருது? பெட்டி வர்ற பெல்ட்டு ரெண்டு சுத்து சுத்துது, அப்புறம் சண்டி மாடு மாதிரி நின்னுக்குது. எறங்குனதுல இருந்து இதே கூத்துதான்.

— வெளியில மட்டும் என்ன வாழுதாம்? காலையிலதான் மேளம் அடிச்சு, ரிப்பன் வெட்டி, ஏர்போர்ட்டத் தொறந்துட்டுப் போனாங்களாம். வாசல்ல கட்டுன வாழமரம் இன்னும் வாடல. குழாயத் தொறந்தா காத்துதான் வருது.

— உள்ளார போர்டு ஒரு பக்கம் கை காட்டுது, சனம் ஒரு பக்கம் ஓடுது. லிஃப்டுல மாட்டுனவங்கள இப்பத்தான் எறக்கி வுட்டாங்க.

— நான் கண்ணாடிகிட்டயேதான் நிக்கறேன். ஒருக்கா இந்தப் பக்கம் வந்து மொகத்தக் காட்டுங்களேன்.

— அங்க வந்தா பெட்டிய எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்.

— ரெண்டு வருசமா கடலுக்கு அந்தாண்ட இருந்து போன்ல பேசுனீங்க. இப்ப ஒரு கண்ணாடிக்கு அந்தாண்ட இருக்கீங்க, இப்பவும் போனுதான்.

— ம்.

— வாயில என்ன, கொழுக்கட்டையா?

— யாரு யாரு வந்திருக்கீங்க?

— யாரு வரல? உங்கம்மா, உங்கக்கா அமுதவல்லி அண்ணி, அண்ணி வூட்டுக்காரரு, சித்தப்பா. அரூர்ல வேன் புடிச்சு, கோழி கூவறதுக்கு முன்ன கெளம்பினோம். வேனு அங்க வெய்யில்ல கெடக்குது. நெழலுக்கு ஒரு மரமில்ல, எல்லாம் நேத்து நட்ட கன்னு.

— நீ மட்டும் வந்தாப் போதும்னு சொன்னேனே பானு.

— நான் சொன்னா கேக்கற ஆளுங்களா? பெட்டிய வேன் மேல கட்டறதுக்கு சித்தப்பா கயிறே எடுத்தாந்துட்டாரு. உங்கம்மா கூடத்துல ஜமுக்காளம் விரிச்சுப் போட்டுட்டுத்தான் கதவச் சாத்துனாங்க. துபாய்ல இருந்து நம்ம தெரு மாதேஸ்வரன் வந்தப்ப, பெட்டி பிரிக்கறத தெருவே சுத்தி உக்காந்து பாத்துச்சே! அதவிட ஒரு படி மேல இருக்கோணுமாம் நம்மது.

— அவன் கொண்டாந்ததுல பாதி சோப்பு.

— சோப்போ சீப்போ, ஆளுக்கு ஒண்ணு கைக்கு வந்துச்சுல்ல? உங்கக்கா இன்னிக்கு வரைக்கும் அதத்தான் பேசறாங்க. இருங்க, உங்கம்மா போனப் புடுங்கறாங்க.

— சாமி, சென்றாயா! நல்லாருக்கியா சாமி?

— நல்லாருக்கறேம்மா.

— கொரலே எளச்சுப் போச்சேடா.

— பிளேன்ல தூக்கமில்ல, அதான்.

— எனக்குத் தைலம் மறந்திருந்தாலும் போவுது சாமி. அக்காளுக்குக் கம்பளி மட்டும் மறந்திருக்காத. மாமியா வூட்ல அத்தன பேருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறா. அவ அங்க தல நிமிந்து நடக்கோணும்.

— சரிம்மா. வெய்யில்ல நிக்காத, வேன்ல போயி உக்காரு. போன பானுகிட்டக் குடு.

— குடுத்துட்டுப் போறாங்க. ஏங்க, உங்க பிளேன்ல வந்தவங்க வெறுங்கையோட வெளிய வந்துக்கிட்டிருக்காங்க. பெட்டி என்ன நெறம்னு சொல்லிட்டு வந்தாப் போதுமாம், கெடச்சதும் வூட்டுக்கே அனுப்பிருவாங்களாம். நீங்களும் சொல்லிட்டு வாங்க.

— பொறு. வந்துரும்.

— என்னத்த வர்றது? லைட்ட ஒண்ணொண்ணா அணைக்கறாங்க. தொடைக்கறவங்க வந்துட்டாங்க. உள்ள ஒரே ஒரு ஆளுதான் நிக்குது, தூணுக்குப் பக்கத்துல, நீலச் சட்ட. நீங்கதான?

— நான்தான்.

— இந்தப் பக்கம் முதுகக் காட்டிக்கிட்டு எதுக்கு நிக்கறீங்க? நின்னு போன பெல்ட்டுல என்னத்தப் பாக்கறீங்க? ஒரு பொண்ணு வந்து ஏதோ கேக்குதே, என்ன கேக்குது?

— பெட்டி என்ன நெறம்னு கேக்குது.

— அப்பச் சொல்லுங்க.

— என்னன்னு சொல்றது பானு? பிளேன்ல நான் பெட்டியே போடல.

— என்னங்க?

— கம்பெனிய மூடி மாசக்கணக்காச்சு. சம்பளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்க இருக்கற தமிழ்ச் சங்கத்துக்காரங்க பாவம் பாத்து டிக்கெட்டு எடுத்து ஏத்தி வுட்டாங்க. தோள்பையில ரெண்டு சட்டையும் ஒரு துண்டும் இருக்குது, அவ்ளோதான். பெல்ட்டு நின்னதும் எல்லாரும் கத்துனாங்க பானு. நான் ஒருத்தன்தான், இன்னுங் கொஞ்ச நேரம் ஓடாம நிக்கட்டும்னு தீர்த்தமலையான வேண்டிக்கிட்டு நின்னேன்.

— போன்ல ஒரு வார்த்த சொல்லலியே நீங்க.

— சொன்னா? நீ அங்க தனியா அழுவ, நான் இங்க தனியா அழுவேன். நாங்க தங்கியிருந்த கேம்புல ஒவ்வொருத்தனா ஊருக்குப் போயி, கடைசியில அந்த ரூம்ல நானும் ஃபேனும்தான். கரண்டு போனா ஃபேனும் இல்ல. அப்பக்கூட தாங்கிக்கிட்டேன். இங்க உங்களையெல்லாம் இவ்ளோ கிட்டத்துல வெச்சுக்கிட்டுத்தான் காலு நவுர மாட்டேங்குது. பானு, ஏதாச்சும் பேசு.

— திரும்புங்க.

— பானு...

— திரும்புங்கன்னு சொல்றேன்ல. ஆங். தல பூரா நரச்சிருச்சேங்க. நான் உங்கள வரச் சொன்னனா, பெட்டிய வரச் சொன்னனா? வெளிய வாங்க.

— வந்து? அக்கா மூஞ்சியில எப்படி முழிக்கறது? அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவ?

— அம்மாவே வராங்க. நீங்க நடங்க. போன வெக்காதீங்க.

— ஏம்மா பானு, என்னவாம்? அவன் பெட்டி கெடச்சுதா இல்லியா?

— அந்தக் கொடுமைய ஏன் கேக்கறீங்க அத்தை! முட்ட முட்ட ரொப்பிக் கொண்டாந்திருக்காரு, ரெண்டு பெட்டியயும் இந்தப் புது ஏர்போர்ட்டுக்காரங்க தொலைச்சுப்புட்டாங்களாம்!