ஈரத்தோடு மூடக் கூடாது

பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் இன்ஜினைத்தான் பார்ப்பார்கள், சம்பந்தியம்மா. மூடியைத் தூக்கி, எண்ணெயைத் தொட்டு முகர்ந்து, பெரிய ஞானம் வந்தவர்களைப் போலத் தலையை ஆட்டுவார்கள். இன்ஜின் ஒரு பொருட்டே இல்லை. கெட்டுப்போனால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக் கட்டிய இந்த மாதிரி வீட்டு வண்டிக்கு எமன் தண்ணீர்தான்.

வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பளபளவென்று பலகை, இரண்டுக்கும் நடுவில் மரச்சட்டம். கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் பசை போட்டு ரப்பர் பட்டையால் அடைத்திருப்பார்கள். அந்த இடத்தில் மயிரிழை அளவு வழி கிடைத்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி, சட்டத்தைத் தேநீரில் ஊறிய ரொட்டி மாதிரி ஆக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நீங்கள் இதையெல்லாம் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் மகளின் துணிமணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே எனக்கு நன்றி சொன்னீர்கள். "பெத்த அப்பா மாதிரி பார்த்துக்கிட்டீங்க" என்றீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு, "அவளுக்குத்தான் என்னை வந்து பார்க்க மனசு இல்ல போல. எப்பக் கேட்டாலும் அடுத்த மாசம், அடுத்த மாசம்னே சொல்லிட்டு இருந்தா" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். அதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. நீங்கள் நினைப்பது தப்பு. அந்தத் தப்போடு உங்களை ஊருக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பையை வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்காருங்கள்.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. என்னைக் கேட்காமல் என் மகன் பெண்ணைப் பார்த்துவிட்டான் என்ற வீம்பு, வேறொன்றும் இல்லை. அவன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் நடுவில் நின்று ஏதாவது பேசிச் சரிக்கட்டியிருப்பாள். அவனும் என் பிள்ளைதானே, வீம்புக்கு என்ன குறைச்சல். வருஷக்கணக்கில் ஒரே ஊரில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம். கடைத்தெருவில் எதிரே வந்தால் அவன் செருப்புக் கடையைப் பார்ப்பான், நான் மருந்துக் கடையைப் பார்ப்பேன். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாளில் எனக்கு மாலை போட்டார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்ட ஆள் இல்லை. நாற்காலி மேல் வைத்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வண்டி என் வாசலில் வந்து நின்றது. உங்கள் மாப்பிள்ளை இறங்கி வந்தான். "நீங்க பாடி கட்டுறவர்தானே. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றான். அப்பா என்று கூப்பிடவில்லை. யாரோ ஒரு மேஸ்திரியிடம் பேசுகிற மாதிரிப் பேசினான். அதற்கே நான் சுத்தியலை எடுக்க உள்ளே ஓடினேன்.

எதற்காக அவன் அதை வாங்கினான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முதுகெலும்பில் அந்த நோய் வந்தபிறகு உங்கள் மகளால் உட்கார முடியவில்லை. உங்கள் ஊரோ எங்கேயோ இருக்கிறது. நீங்களும் அப்போது படுத்த படுக்கையாகக் கிடந்த சம்பந்தியை விட்டு நகர முடியாத நிலை. ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்புலன்ஸ்ல போய் வாசல்ல இறங்கினா எங்கம்மா அங்கேயே விழுந்துடுவாங்க. நான் சொந்த வண்டியில, தலை சீவிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டுப் போய் இறங்கணும்" என்றாளாம். போகிறதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை என்னிடமும் சொன்னார்கள். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

தட்டிப் பார்த்தேன். படுக்கைப் பக்கத்துச் சுவர் முழுக்கப் பொத்துப் பொத்தென்று சத்தம் கொடுத்தது. கதவுப் படிக்குக் கீழே இரும்பே துருவாக உதிர்ந்தது. "வேலை இருக்கு, ஆனா ஆகும்" என்றேன். வண்டியை என் வாசலிலேயே விட்டுவிட்டு, ஞாயிறு தோறும் வருகிறேன் என்றான்.

அந்த வேலையில் நான் எள்ளளவும் குறை வைக்கவில்லை. உள்பலகையைப் பிரித்தோம். உளுத்த சட்டத்தை நல்ல மரம் தெரிகிற வரைக்கும் அறுத்து எடுத்து, புது மரத்தைச் சாய்வாகச் செதுக்கி ஒட்டுப் போட்டோம். துருப்பிடித்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். அவன் பிடிக்க, நான் அறுத்தேன். ஒருநாள் பெரிய பலகையைத் தாங்கிக்கொண்டு நின்றவன், கை நழுவப் போகிற அவசரத்தில், "அப்பா, பிடிங்க பிடிங்க" என்றான். பலகையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு முழுவதும் அந்தச் சொல் என் காதிலேயே இருந்தது. மதியம் ஒரே தட்டிலிருந்து இருவரும் எடுத்துச் சாப்பிட்டோம்.

உங்கள் மகளையும் ஆட்டோவில் சாய்த்துப் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு வருவான். அவள் வண்டிக்குள் படுக்கையில் படுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கேலி செய்துகொண்டிருப்பாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி முறைக்கிறீங்க மாமா, யாரைப் பார்த்து யார் கத்துக்கிட்டது?" என்பாள். அவள் சிரித்தால் அவனும் சிரிப்பான். என் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவளை எனக்குப் பிடிக்காமல் இல்லை, சம்பந்தியம்மா. அப்படி நினைத்துவிடாதீர்கள். நான் பெற்ற பெண்ணாக இருந்தால்கூட இத்தனை ஒட்டுதல் இருந்திருக்குமா தெரியாது.

ஆனால் வேலை என்று ஒன்று இருந்தால் அது முடியத்தானே செய்யும். சுவரை மூடி, விளிம்பை அடைத்து, எல்லாம் ஆகிவிட்டது. "அடுத்த வாரம் கிளம்பிடலாம்ப்பா" என்று அவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். நான் சரி என்றேன். அவன் போனபிறகு ஒன்றுதான் யோசித்தேன். இனி ஞாயிற்றுக்கிழமை அவன் இங்கே எதற்கு வருவான்?

திங்கட்கிழமை காலையில் ஏணி வைத்து ஏறி, விளிம்பில் ஒரு சாண் அளவுக்கு ரப்பர் பட்டையைக் கத்தியால் கீறி, தோட்டத்துக் குழாயை அதில் வைத்தேன். கொஞ்ச நேரம்தான். பிறகு பட்டையைப் பழையபடி அமுக்கிவிட்டேன். ஒரு சின்ன வேலையைச் செய்த மாதிரிதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு சுவரில் ஈரம் பூத்திருந்தது. அவன் முகம் சுண்டிப்போயிற்று. "இப்படியே எடுத்துட்டுப் போனா என்னப்பா?" என்றான். "ஈரத்தோட மூடக் கூடாதுப்பா. படுக்கையோட போல்ட் எல்லாம் இந்தச் சட்டத்துலதான் பிடிச்சிருக்கு. வழியில கழண்டுக்கிச்சுன்னா அவ முதுகு என்ன ஆகும்?" என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். மறுபடி பிரித்தோம். காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். உங்களுக்குப் போன் செய்து அடுத்த மாதம் என்று சொன்னார்கள்.

இப்படியே போயிற்று. ஒரு தடவை ஜன்னல் ஓரம், ஒரு தடவை கூரையின் பின்பக்கம். மழைக்காலத்தில் தார்ப்பாயைக் கொஞ்சம் விலக்கி வைத்தால் போதும். மழை இல்லாதபோது குழாய். அவன் ஒருநாளும் சந்தேகப்படவில்லை, என் கைவேலை மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. எப்போதும் இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி இருந்தது. அதனால்தான் வேறு வழி எதையும் யாரும் தேடவில்லை. வண்டியே இல்லாமல் இருந்திருந்தால் எப்படியாவது தூக்கிக்கொண்டாவது வந்து சேர்ந்திருப்பார்கள்.

பிறகு அவளுக்குத் தனியாக இருக்க முடியாமல் போனது. அவன் வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போவான். வீட்டைவிட வண்டிக்குள் படுத்திருப்பதுதான் அவளுக்குப் பிடித்தது. கிளம்பிவிட்ட மாதிரி இருக்கிறது என்பாள். நீங்கள் நன்றி சொன்னது அந்த நாட்களுக்காகத்தான். வேளைக்கு மருந்து கொடுத்தேன், தலையணையை மாற்றி வைத்தேன், அவள் வலியில் முனகினால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதெல்லாமும் உண்மைதான்.

ஒருநாள் நல்ல வெயில். அவள் தூங்குகிறாள் என்று நினைத்து ஏணியில் ஏறியிருந்தேன். சுவரில் காதை ஒட்டிப் படுத்திருந்திருக்கிறாள்.

"மாமா, வெளியில மழையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, வண்டியைக் கழுவுறேன்" என்றேன்.

நான் இறங்கி வந்து மருந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி முடிஞ்சா அவர் இங்க வர மாட்டார்னு பயமா மாமா?"

நான் டம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"வருவார். நான் வரச் சொல்றேன். எனக்கப்புறமும் வரச் சொல்லிட்டுப் போறேன். என்னை ஒரே ஒரு தடவை எங்கம்மாகிட்டக் கொண்டுபோய் விட்டுடுங்க. அவர்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அழவில்லை, கோபப்படவில்லை. கடையில் விலை பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அன்றே விளிம்பை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்தேன். சுவரைக் காயவிட்டு, மூடி, சாயம் பூசினேன். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். அவள் தினமும் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். உங்கள் வாசலில் எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்குவது என்று என்னிடம் யோசனை கேட்டாள். மஞ்சள் என்றேன். இப்போது நீங்கள் மடித்து வைத்தீர்களே, அதுதான்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கிச் சொன்னான். "அப்பா, அங்க போனதும் அவங்க அம்மாகூடவே இருந்துடலாம்னு இருக்கோம். எனக்கும் அங்கேயே ஏதாவது வேலை கிடைக்கும். நீங்க எப்பவாவது வாங்க."

எப்பவாவது. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அவன்.

மறுநாள் காலையில் மறுபடி ஏணி வைத்தேன். உள்ளே அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். இந்தத் தடவை மழையா என்று கேட்கவில்லை. தண்ணீர் இறங்குகிற சத்தத்தை முழுவதும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மாலையில் அவன் வந்து ஈரத்தைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவன் தலையில் கையை வைத்து, "பரவாயில்ல, அடுத்த மாசம் போகலாம்" என்றாள். உங்களுக்குப் போன் செய்ததும் அவள்தான். கடைசியாக உங்களோடு பேசியது அன்றைக்குத்தான். பெயருக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஆகவே அவளுக்கு மனசு இல்லாமல் இல்லை, சம்பந்தியம்மா. கடைசி மூச்சு வரைக்கும் உங்களிடம் வரத்தான் துடித்தாள். வரவிடாமல் வைத்திருந்தது நான். இதை நீங்கள் தெரிந்துகொள்வது நியாயம் என்று பட்டது, சொல்லிவிட்டேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் அவனிடம் சொல்லியிருப்பாளே. சொல்லவில்லை. கொடுத்த வாக்கையும் காப்பாற்றிவிட்டாள். ஞாயிறு தோறும் அப்பாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவனும் தவறாமல் வருகிறான். இருவரும் வண்டி வேலை பார்க்கிறோம். அவன் அதிகம் பேசுவதில்லை, அழுதால் நான் முதுகைத் தடவிக்கொடுப்பேன்.

இப்போது அவன் உங்களைப் பஸ் ஏற்றிவிட வருவான். அவனிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். என் நல்லதுக்காகக் கேட்கவில்லை. பாவம், அவனுக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?